தெற்குத் தெரு பொதுமக்கள் கவனத்திற்கு

பாத்து உக்காருங்கக்கா, அது கப்பு. இல்ல இல்ல, நீங்க உக்காருங்க, நான் மடியில வச்சுக்கிறேன். மாட்டுத்தாவணியில ஏறுனதுல இருந்து இதுக்குன்னு ஒரு சீட்ட ஒதுக்கி வச்சிருந்தேன், கண்டக்டர் ரெண்டு தடவ மொறச்சுட்டுப் போயிட்டாரு. எழுத்தப் படிச்சீங்களா? முதல் பரிசு. மொத்தம் அறுபத்தோரு டீம், அதுல முதல் பரிசு. நேத்துக் காலையில இருந்து ரெண்டு மணி நேரந்தான் தூங்கிருக்கேன். அதனால நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருப்பேன். போதும்னு தோணுச்சுன்னா சொல்லிருங்க, ஆனா நிறுத்துவேனான்னு தெரியல.

நீங்க எங்க எறங்கணும்? நல்லாங்குளமா? அப்ப எனக்கு அடுத்த ஊருதான். நான் கருவேலநத்தம். அந்த டப்பாவுல என்னக்கா, முறுக்கா? அம்மா வீட்ல இருந்து குடுத்து விட்டாங்களா? வேணாங்க்கா. சரி, ஒண்ணே ஒண்ணு.

ஹேக்கத்தான்னா என்னன்னு கேக்குறீங்களா. திருட்டு வேல இல்லக்கா, மொதல்ல அதச் சொல்லிர்றேன். எங்கப்பா அப்படித்தான் நெனச்சுக்கிட்டு ஒரு நாள் முழுக்க என்கிட்ட பேசவே இல்ல. காலேஜ் பிள்ளைகளச் சனிக்கெழம காலையில ஒரு பெரிய ஹால்ல போட்டு அடச்சு, ஞாயித்துக்கெழம மத்தியானத்துக்குள்ள ஊருக்குப் பிரயோஜனமா ஏதாச்சும் ஒண்ணு கம்ப்யூட்டர்ல செஞ்சு காட்டுங்கன்னு சொல்றது. அம்புட்டுத்தான். சாப்பாடு அவங்களே போட்ருவாங்க. டீ எப்பப் போனாலும் உண்டு. நான் பதினாலு டீ குடிச்சேன், எண்ணிக்கிட்டே குடிச்சேன்.

எங்க டீம்ல மூணு பேரு. ஸ்ரீவத்சன்தான் லீடர், அவனுக்கு எல்லாந் தெரியும், தெரியாததும் தெரியும். ரெண்டாவது ஹாஜிரா, வாயத் தொறந்து பேச மாட்டா, ஆனா கோடிங் பூராம் அவதான். மூணாவது நான், சண்முகப்பிரியா. மூணு பேர் இருந்தாத்தான் பேரு பதியலாம்னு ரூல்சு, அதனால என்னக் கூப்பிட்டாங்க. அத ஸ்ரீவத்சன் என் மூஞ்சிக்கு நேராவே சொன்னான். "நீ பிபிடி பண்ணிரு பிரியா, உனக்குத்தான் வாய் இருக்கே"ன்னான். பிபிடின்னா மேடையில ஸ்கிரீன்ல படம் போட்டு வெளக்கிப் பேசுறது. ரெண்டு வருசமா எந்தப் போட்டின்னாலும் எனக்கு அதே வேலதான். காலேஜ்ல எம் பேரே பிபிடி பிரியா. வாட்ச்மேன் கூட அப்படித்தான் கூப்பிடுவாரு.

எனக்கு அந்தப் பேர அழிக்கணும். உண்மையச் சொல்றேன்க்கா, கப்பு எனக்கு ரெண்டாவதுதான். ஒரே ஒரு தடவ, இவளும் ஒண்ணு செஞ்சாடான்னு அந்த ஸ்ரீவத்சன் வாயால கேக்கணும். அதுக்காகத்தான் போனேன்.

போன ஒடனே அவன் ஒரு ஐடியா வச்சிருந்தான். பெரிய பெரிய கடைகள்ல கார் நிறுத்த எடம் எங்க காலியா இருக்குன்னு சொல்ற ஆப். எங்க ஊர்ல காரே நாலு வீட்லதான் இருக்கு, அதுல ஒண்ணு ஓடாது. நான் வாய மூடிக்கிட்டு டீ குடிக்கப் போனேன். அப்பத்தான் எங்கம்மா போன் பண்ணுச்சு. எங்கம்மா தீப்பெட்டி ஆபீஸ்ல வேல பாக்குது. காலையில எட்டு மணிக்கு வேன் வந்து கூட்டிக்கிட்டுப் போகும். எங்க தெருவுக்குத் தண்ணி எட்டு நாளைக்கு ஒரு தடவ வரும், பத்து நாளைக்கு ஒரு தடவ வரும், எப்ப வரும்னு தண்ணிக்கே தெரியாது. வேனுக்குப் போனா தண்ணி போச்சு, தண்ணிக்கு நின்னா வேன் போச்சு. "இன்னைக்கும் வேன விட்டுட்டேன்டி, தண்ணியும் வரல"ன்னு சொல்லுச்சு. இந்த மாசத்துல அஞ்சாவது தடவ. அம்மா அழுகாது, ஆனா நேத்துக் குரல் ஒரு மாதிரி இருந்துச்சு. டீய அப்படியே வச்சுட்டேன்.

நேரா உள்ள போயி, கார வுட்டுத்தள்ளு, தண்ணி எப்ப வரும்னு சொல்ற ஆப் செய்வோம்னேன். ஸ்ரீவத்சன் சிரிச்சான். "டேட்டா எங்க இருக்கு"ன்னான். டேட்டான்னா பழைய கணக்கு, எந்தெந்தத் தேதி வந்துச்சுன்னு. அவன் கேட்டு முடிக்கல, எங்கம்மா மாசக் காலண்டர்ல தண்ணி வந்த தேதிய வட்டம் போட்டு, பக்கத்துல மணியும் எழுதி வச்சிருக்கும்னு சொல்லிட்டேன். பழைய காலண்டரையும் தூக்கிப் போடாது, அரிசி டின்னுக்கு அடியில விரிச்சிருக்கும். அப்பாவ டின்னத் தூக்கச் சொல்லி, ரெண்டு வருசத்துக் காலண்டரையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். பாதிப் போட்டோவுல அப்பாவோட கட்ட வெரலு இருந்துச்சு. ஹாஜிரா ஒவ்வொரு வட்டமாப் பாத்து டைப் அடிச்சுக்கிட்டே இருந்தா.

மத்தியானம் மூணு மணிக்கு மிஷின், அதான் ஹாஜிராவோட கம்ப்யூட்டரு, சொல்லிருச்சு, இன்னைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குத் தண்ணின்னு. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. காலையில பூராம் நின்னும் வராதது, அதே நாள் சாயங்காலமே வரும்னு எவன் சொல்லுவான்? மிஷின் சொல்லுதே.

இப்ப மெசேஜ் அனுப்பணும். எங்க தெரு மகளிர் குழுவுல நாப்பத்தி மூணு பேரு, எல்லார் நம்பரும் என்கிட்ட இருக்கு. குழுவுக்கு மனு எழுதிக் குடுக்குறதெல்லாம் நான்தான், ஏழாங்கிளாஸ்ல இருந்து. ஸ்ரீவத்சன் என்னமோ "ஹாய், வாட்டர் அலர்ட்"னு எழுதுனான். ஹாய்னு போட்டா பஞ்சவர்ணம் பெரியம்மா படிக்குமா? தள்ளுடான்னு சொல்லிட்டு நான் எழுதுனேன். கேளுங்க. "தெற்குத் தெரு பொதுமக்கள் கவனத்திற்கு: இன்று மாலை 5 மணிக்குத் தங்கள் பகுதியில் குடிநீர் விநியோகம் செய்யப்படும் என்பது இதன்மூலம் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது." எப்படி இருக்கு? மனு எழுதி எழுதி வந்த கையிக்கா. இந்த ரெண்டு நாள்ல நான் செஞ்ச ஒரே வேல அந்த ஒரு வரிதான், ஆனா அதப் பத்தி ஒரு பய பேசல.

அஞ்சரைக்கு அம்மா போன். "வந்துருச்சுடி, வந்துருச்சு." நான் ஹால்ல பெஞ்சு மேல ஏறிட்டேன். அம்மா அதுக்கப்புறமும் என்னமோ சொல்லிக்கிட்டே இருந்துச்சு. மெசேஜப் பாத்துட்டு எல்லாரும் கொடத்தத் தூக்கிக்கிட்டுக் கொழாய்க்குப் போனாங்களாம். அஞ்சு மணியாச்சு, வரலையாம். நேரா குருவையா மாமா வீட்டுக்குப் போயிட்டாங்களாம். அவருதான் எங்க ஊர்ல தண்ணி தொறந்து விடுறவரு. இடுப்பு ஒசரத்துக்கு ஒரு இரும்புச் சாவி வச்சிருப்பாரு, அத வால்வுல மாட்டித் திருகுனாத்தான் தண்ணி. நாப்பது பொம்பளைங்க வாசல்ல நின்னு, ஆர்டர் வந்துருச்சு, நீ ஏன் இன்னும் தொறக்கலன்னு கேட்டாங்களாம். அவரு போன வாங்கிப் படிச்சுப் பாத்துட்டு, சட்டையக் கூடப் போடாம சாவியத் தூக்கிக்கிட்டு ஓடுனாராம். எங்கம்மா எதையுமே இப்படித்தான் இழுத்துச் சொல்லும். எனக்கு அதெல்லாம் எதுக்கு? அஞ்சு மணின்னு மிஷின் சொல்லுச்சு, அஞ்சரைக்குத் தண்ணி வந்துச்சு. அதுதான் பாயிண்ட்டு.

ஏன்க்கா சிரிக்கிறீங்க? சந்தோசமா இருக்குல்ல? எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு.

ஆறு மணிக்கு ஹாஜிரா என்னத் தனியாக் கூப்பிட்டா. காலண்டர் போட்டோவத் தொறந்து வச்சிருந்தா. "பிரியா, காலண்டர்ல பச்ச இங்குல கொஞ்சம் வட்டம் இருந்துச்சே, அதுவும் தண்ணிதானா"ன்னு கேட்டா. பச்ச இங்குன்னா அது கேஸ் சிலிண்டர் வந்த தேதி. இவ அதையும் சேத்துத் தண்ணின்னு அடிச்சு வச்சிருக்கா. "அப்ப நம்ம சொன்னது தப்பு, எப்படித் தண்ணி வந்துச்சு"ன்னு கேக்குறா. இவளுக்கு எப்பவுமே சந்தேகந்தான். தப்பான கணக்கக் குடுத்தே சரியாச் சொல்லுதுன்னா, அந்த மிஷினுக்கு எம்புட்டு அறிவு இருக்கணும். நான் அவளுக்குத் தைரியம் சொல்லி ஒரு டீ வாங்கிக் குடுத்தேன்.

இன்னொரு முறுக்கு எடுத்துக்கட்டுமாக்கா? ஓமம் நல்லாப் போட்ருக்காங்க.

ராத்திரிக் கதைய விடுங்க, எல்லாரும் மேசையில தலைய வச்சுத் தூங்குனோம். இன்னைக்குக் காலையில ஏழு மணிக்குத்தான் அடுத்த கூத்து. ஸ்ரீவத்சன் டெஸ்ட்டுக்குன்னு ஒரு மெசேஜப் போட்டு வச்சவன், அத நிறுத்த மறந்துட்டுத் தூங்கிட்டான். அதுபாட்டுக்கு நாப்பத்தி மூணு பேருக்கும் போயிருச்சு, காலை 7 மணிக்குக் குடிநீர் விநியோகம்னு. ஊர்ல இருந்து போன் வந்து திட்டப் போறாங்கன்னு பாத்தா, ஏழு நாப்பதுக்கு அம்மா, "வந்துருச்சுடி. குருவையா அண்ணன் தலைக்கு எண்ண தேச்சுக்கிட்டு உக்காந்துருந்தாரு, அதான் செத்த லேட்டு. எண்ணத் தலையோடவே வந்து தொறந்துட்டாரு"ன்னு சொல்லுது. பாருங்க, அனுப்பவே நெனைக்காத மெசேஜு. அதுக்கும் தண்ணி வருது.

ஸ்ரீவத்சன் அத எப்படி எடுத்துக்கிட்டான்னா, நாப்பது நிமிசம் வித்தியாசம், அதுக்கு ஒரு இங்கிலீஷ் பேரு சொல்லி, அது ரொம்பக் கொறச்சல், உலக அளவுல கொறச்சல்னு சொன்னான். ஹாஜிரா மட்டும் கணக்கத் திருத்திட்டு வந்து, "இப்ப மிஷின் அடுத்த தண்ணி புதன்கிழமைங்குது"ன்னா.

பதினோரு மணிக்கு நடுவருங்க வந்தாங்க. ரெண்டு பேரு. ஒரு மேடம், ஏதோ பெரிய கம்பெனியாம். இன்னொருத்தர் வயசானவரு, குடிநீர் வேலையில இருந்து ரிட்டயர் ஆன இன்ஜினியராம். மேடையில நான்தான் பேசணும். அவரு கேட்ட மொதக் கேள்வியே, "குழாய்ல சென்சார் எங்கம்மா மாட்டிருக்கீங்க"ன்னு. சென்சார்னா தண்ணி வந்தா தானாச் சொல்ற கருவி, அது எங்ககிட்ட கெடையாது. எனக்கு என்ன வாய் வந்துச்சோ, "எங்க சென்சார் எங்கம்மாதான் சார்"னு சொல்லிட்டேன். ஹாலே சிரிக்குது. "சரி, இப்ப ஒண்ணு காட்டு"ன்னாரு. மிஷின் புதன்கிழமைங்குது, இவரு இப்ப காட்டுங்குறாரு. நேரம் போடுற கட்டத்துல 11.30ன்னு நானே அடிச்சு, பட்டன அமுக்கிட்டேன். அமுக்கலாமா கூடாதான்னு நெனைக்கிறதுக்குள்ள போயிருச்சு.

அந்த அரை மணி நேரம் இருக்கே. ஸ்ரீவத்சன் என்னப் பாக்குறான், நான் தரையப் பாக்குறேன். இவ ஒரு வேல செஞ்சாடா, கெடுத்துட்டாடான்னு வருசம் பூராம் சொல்லுவாங்க. பதினொண்ணு நாப்பதுக்கு அம்மாகிட்ட இருந்து வீடியோ கால். பெரிய ஸ்கிரீன்ல போட்டோம். எங்க தெருக் கொழாயி, அதுல இருந்து தண்ணி அடிச்சு ஊத்துது. எங்கம்மா பச்சக் கொடத்த வச்சுக்கிட்டுக் கேமராவப் பாத்துச் சிரிக்குது. பின்னாடி தெருவே நிக்குது. ஓரத்துல குருவையா மாமா, அந்த இரும்புச் சாவியப் பிடிச்சுக்கிட்டு, பாவம், எல்லாரையும் பாத்துக் கும்பிட்டுக்கிட்டு நிக்கிறாரு. அறுபது டீமும் எந்திரிச்சு நின்னு விசில் அடிக்குது. அக்கா, என் வாழ்க்கையில அப்படி ஒரு சத்தத்த நான் கேட்டதில்ல.

அந்த இன்ஜினியர் சார் இருக்காரே, அவரு சிரிச்ச சிரிப்புல கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு. "முப்பத்தஞ்சு வருசம் சர்வீஸ்ல எந்த மோட்டார்லயும் இப்படி ஒரு பிரஷர நான் பாத்ததில்லம்மா"ன்னாரு. எங்க ஊருத் தண்ணி அம்புட்டு வேகமாத்தான் வரும், வந்தா. அவரு கையாலேயே கப்பக் குடுத்தாரு.

ஆனா மேடம் ஒரு கண்டிசன் போட்டாங்க. அடுத்த சனிக்கெழம சென்னையில ஃபைனல். அதுவரைக்கும் நாங்க அனுப்புற ஒவ்வொரு மெசேஜும் அவங்க கம்ப்யூட்டர்ல பதிவாகும், அழிக்க முடியாது. ஒரு மெசேஜ் பொய்யாப் போனாலும் நாங்க கெடையாது, ரெண்டாவது வந்த ட்ரோன் டீம்தான் சென்னைக்குப் போவாங்க. இந்தா பாருங்க, போன்ல. மூணுக்கு மூணு. நூத்துக்கு நூறு. ஹாஜிரா என்ன சொன்னா தெரியுமா, பஸ் ஏத்தி விடுறப்ப? "பிரியா, இனிமே புதன்கிழம வரைக்கும் அனுப்பவே வேணாம். இது வரப் போறத நம்ம சொல்றது இல்ல, நம்ம சொல்றதால வர்றது"ன்னா. தூக்கமில்லாததுல அவளுக்கு வார்த்த கொளறுது.

என்னக்கா, மறுபடியும் சிரிக்கிறீங்க? நம்பலையா? இப்ப அனுப்புனா இப்ப வருமான்னா என்ன கேள்வி இது. காலையில நான் கையால போட்டது வந்துச்சா இல்லையா? மிஷினோட பழகிப் பழகி எனக்கே இப்ப நேரம் தெரிய ஆரம்பிச்சிருச்சுன்னு நெனைக்கிறேன். இந்தா, உங்க முன்னாடியே போடுறேன். இன்று மாலை 6 மணிக்குக் குடிநீர் விநியோகம் செய்யப்படும் என்பது இதன்மூலம். அமுக்கியாச்சு. நாப்பத்தி மூணு பேருக்கும் போயிருச்சு. ஒரு மணி நேரம் இருக்கு, நம்ம அங்க போறதுக்கும் சரியா இருக்கும்.

இது யாரு, ஹாஜிரா மெசேஜு. "யார் 6 மணி போட்டது." அடுத்தது, "பிரியா நீயா." அடுத்தது ஸ்ரீவத்சன். அவன் எழுதிருக்கிறத உங்களுக்குப் படிச்சுக் காட்ட முடியாதுக்கா.

அழிக்க முடியாதுன்னு சொன்னாங்கல்ல. ஆமா, சொன்னாங்க.

அம்மாவுக்கு அடிச்சுப் பாக்குறேன். எடுக்க மாட்டேங்குது. எடுக்குது எடுக்குது. அம்மா, நான்தான். என்ன சத்தம் அங்க? குருவையா மாமா எங்க? வீடு பூட்டிருக்கா? சாவிய எடுத்துக்கிட்டு மாமியார் ஊருக்குப் போயிட்டாரா? அம்மா, அம்மா. போச்சு. சார்ஜ் போயிருச்சு.

அந்த மனுசன் ஞாயித்துக்கெழம அதுவுமா எதுக்குக்கா ஊருக்குப் போகணும்? ஒரே நாள்ல அவருக்கு என்ன அப்படிக் கஷ்டம்? வால்வு சாவிய யாராச்சும் பஸ்ல கொண்டுக்கிட்டுப் போவாங்களா?

ட்ரோன் டீம்ல ஒருத்தன் இருக்கான், அவன் மூஞ்சியத் திங்கக்கெழம நான் பாக்கணும். பிபிடி பிரியாங்குற பேரு கூட நல்ல பேருதான்னு ஆயிரும்போல. நான் ஏன் அமுக்குனேன்? நீங்க கேட்டீங்க, நான் அமுக்கிட்டேன். உங்களச் சொல்லலக்கா, உங்க மேல ஒரு தப்பும் இல்ல. மணி என்ன? அஞ்சு நாப்பதா. தண்ணி எங்க இருந்துக்கா வரும்.

ஏன் பஸ் நின்னுருச்சு? இது எங்க ஊரு முக்கு ரோடுதான். இன்னும் ஸ்டாப்பு வரல. கண்டக்டர் என்னமோ சொல்றாரு. மறியலா? பாருங்க, இதுக்குத்தான் ஒரு ஆப் வேணும்க்கா, எந்த ரோட்ல மறியல்னு முன்னாடியே சொல்ற மாதிரி. அடுத்த ஹேக்கத்தானுக்கு இதச் செய்யலாம். கொஞ்சம் தள்ளுங்க, எட்டிப் பாக்குறேன். பொம்பளைங்கதான். நடு ரோட்ல காலிக் கொடத்த வரிசையா அடுக்கி வச்சுட்டு உக்காந்துருக்காங்க. இந்தப் பக்கம் நாலு பஸ்ஸு, அந்தப் பக்கம் அஞ்சாறு லாரி.

அக்கா. அந்தப் பச்சக் கொடம் எங்க வீட்டுக் கொடம்.

அம்மா. ஏம்மா, இங்க, பஸ்ல இருக்கேன், ஜன்னல்ல. ரோட்ல என்ன பண்ற? நான் சொன்னேனா? நான் எங்க ரோட்ல உக்காரச் சொன்னேன்? ஆறு மணிக்குத் தண்ணின்னு சொன்னேன், ஆமா. குருவையா மாமா இல்லைன்னா அதுக்கு ரோட்ல உக்காருவீங்களா?

அக்கா, அம்மா என்ன சொல்லுதுன்னா, இதுவரைக்கும் மூணு தடவ சொன்னபடி தண்ணி வந்துச்சாம், நாலாவது தடவ மட்டும் எப்படி வராமப் போகும்னு கேக்குது. இம்புட்டு நாளா வரலன்னா வரலன்னு இருந்தாங்களாம். இப்பத்தான் எழுத்துல வந்துருச்சே, எழுத்துல வந்ததுக்கு அப்புறம் எப்படி விடுறதுன்னு கேக்குது. பஞ்சவர்ணம் பெரியம்மா லாரிக்கு முன்னாடி காலை நீட்டி உக்காந்துருக்கு, அந்த மனுசிக்கு முட்டி வலி வேற.

ஜீப்பு வருதுக்கா. பேரூராட்சி ஜீப்புதான். அதுல இருந்து எறங்குறவருதான் செயல் அலுவலரு, ஞாயித்துக்கெழமையும் அதுவுமா வரவச்சுட்டாங்க, மொகமே சரியில்ல. பெரியம்மா எந்திரிக்காமலே போன நீட்டுது. வாங்கிப் படிக்கிறாரு. மறுபடி படிக்கிறாரு. கர்ச்சீப்ப எடுத்து நெத்தியத் தொடைக்கிறாரு. என்னமோ கேக்குறாரே, என்னம்மா கேக்குறாரு? இது மேல இருந்து வந்துச்சான்னு கேக்குறாராம். கலெக்டர் ஆபீஸ்ல இருந்தான்னு கேக்குறாராம். பெரியம்மா என்ன சொல்லுச்சு? "வந்துருக்குல்ல, படிச்சீங்கல்ல"ன்னு சொல்லுச்சாம். பெரியம்மா பொய்யே சொல்லாது.

போன் பேசுறாரு. நின்னுக்கிட்டே பேசுறாரு. ஆபீஸ்ல இன்னொரு சாவி இருக்காம், ஆளு வண்டியில போறாராம். மணி என்னக்கா? அஞ்சு அம்பத்திரெண்டா. என் கையப் பிடிச்சுக்கோங்க. வேற யாரும் பேசாதீங்க, நான் தெருப் பக்கம் காதக் குடுத்துக் கேக்குறேன்.

கேட்டுச்சா? அந்தச் சத்தம். தெருவுல இருந்து யாரோ கத்துறாங்க. எல்லாரும் எந்திரிச்சுட்டாங்க. கொடத்தத் தூக்கிக்கிட்டு ஓடுறாங்க. பெரியம்மா ஓடுது பாருங்க, முட்டி வலியாம். மணி? அஞ்சு அம்பத்தெட்டு. அக்கா, ரெண்டு நிமிசம் முன்னாடியே. ரெண்டே நிமிசம். நாலுக்கு நாலு. கண்டக்டர் அண்ணே, நாலுக்கு நாலுண்ணே. அவருக்குப் புரியல, பரவாயில்ல. ஸ்ரீவத்சனுக்குச் சொல்லணுமே, போன் செத்துக் கெடக்கு. ஹாஜிரா அழுதுக்கிட்டு இருப்பா.

இரு இரு, அம்மா இன்னும் இங்கதான் நிக்குது. கையில என்னமோ பேப்பரு. என்னம்மா அது? காட்டு. செயல் அலுவலர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துருக்காரா? தெனமுமா? தெனம் காலையில ஆறு மணிக்கா?

தெனம் ஆறு மணிக்கு வந்தா அம்மா ஆறரைக்குள்ள பிடிச்சுரும்க்கா. சோறு வடிச்சுட்டு எட்டு மணி வேனுக்குப் போயிரும். நாளைக்கே போயிருவேங்குது. இன்னைக்குக் காலையில இருந்து சிரிச்சுக்கிட்டேதான் இருக்கேன், இப்ப எனக்கு அழுகையா வருது. நீங்க அங்கிட்டுத் திரும்பிக்கோங்க, ஒரு நிமிசம்.

என்னம்மா? இனிமே அந்த மெசேஜு வேணாமா? தெனம் ஆறு மணின்னு தெரிஞ்சு போச்சு, இனிமே எதுக்குன்னு கேக்குறியா? பாத்தீங்களாக்கா, இவங்களுக்கு டெக்னாலஜி புரியாது. தெனம் ஆறு மணின்னா மிஷினுக்கு வேல இன்னும் சுளுவுதான. சனிக்கெழம வரைக்கும் நாங்க தெனம் அனுப்புவோம், தெனம் சரியா இருக்கும். சென்னை ஃபைனல் எங்களுக்குத்தான்.

இவங்கெல்லாம் யாரு, ஜன்னலச் சுத்தி? வடக்குத் தெருக்காரங்க. என்னத்தே? உங்க தெருவுக்கும் ஒண்ணு அனுப்பணுமா? அனுப்பலாம், ஆனா உங்க தெருக் காலண்டரெல்லாம் வேணுமே. பாருங்கக்கா, ஒரே நாள்ல எப்படிப் பரவுது.

சரிக்கா, நான் எறங்கிர்றேன், அம்மா இங்கேயே நிக்குது. கப்பக் கொஞ்சம் பிடிங்க, பையத் தோள்ல போட்டுக்கிறேன். முறுக்கு டப்பா காலியாயிருச்சே, நானா தின்னேன் இம்புட்டையும்?

என்னக்கா, பேனா எதுக்கு? உங்க நம்பரா? உங்க நல்லாங்குளத்துக்குமா? உங்க தெருவுல எத்தன நாளைக்கு ஒரு தடவ? பன்னெண்டா. அப்ப காலண்டர் போட்டோ அனுப்புங்க, தண்ணி வந்த தேதிக்கு மட்டும் வட்டம், கேஸ் வேணாம். காலண்டரே வேணாமா? மிஷினும் வேணாமா? அப்புறம் என்னதான் வேணும்? அந்த வரி மட்டும் போதுமா? "பொதுமக்கள் கவனத்திற்கு"ல இருந்து "தெரிவித்துக்கொள்ளப்படுகிறது" வரைக்கும் ஒரு எழுத்து கொறையாம வேணுமா?

அது நான் எழுதுனதுக்கா. அந்த ஒரு வரி மட்டும் நான் எழுதுனது. ரெண்டு நாள்ல அதக் கேட்டு வாங்குன மொத ஆளு நீங்கதான்.

என் கையில எழுதுங்க, போன்தான் செத்துருச்சே. தெரு பேரு? கீழ ரத வீதியா. சரி. எத்தன மணிக்குன்னு மட்டும் மிஷின்கிட்ட கேட்டுத்தான் போடணும். நாமளா ஒரு நேரத்தச் சொல்லக் கூடாது, அது தப்பு, அதுக்குப் பேரு ப்ரெடிக்சன் கெடையாது.

காலையில ஆறரையா? சரிக்கா. ஆறரைன்னே போட்டுர்றேன்.